கோதுமை வந்தது, நூல் போயிற்று!



ஒரு நூலைத் தேடி, அண்மையில் ஒரு பல்கலைக் கழக நூலகத்தின் படியேறினேன். தலையணை போன்ற நூல் அன்று; சட்டைப் பையில் அடங்கும் சிறு நூல். அறுபது பக்கம் இருக்கும். 1964-இல் கோவையில் அச்சானது. பஞ்சாலையிலே பஞ்சுத் தூசியைக் குடித்து, இருமி இருமி இளைத்த தொழிலாளரின் கதையை அவர்களில் ஒருவரே எழுதியது. பொதுக்கூட்டத் திடலில், மேடைக்குப் பக்கத்தில் கோணியை விரித்து, நாலணாவுக்கு விற்றார்களாம். என் பாட்டனார் எழுத்தறியாதவர். பிறர் படிக்கக் கேட்டே அதில் பாதியை மனப்பாடமாக வைத்திருந்தார். மே நாள் கூட்டத்தில் பேச ஒப்புக்கொண்டிருந்தேன். பாட்டனார் சொன்ன செய்தி சரிதானா என்று மூலத்தைப் பார்த்துவிட ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

வாயிலில் காவலர் மறித்தார்.

“அடையாள அட்டை இருக்குதா, சார்?”

“இல்லை.”

“எந்தத் துறை?”

“எந்தத் துறையும் இல்லை, ஐயா. படிக்க வந்தேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அழைப்பில்லாமல் பந்தியில் உட்கார்ந்தவனைப் பெண் வீட்டார் பார்க்கும் பார்வை! அவர்மீது குறையில்லை, சொன்னதைச் செய்கிறார். ஒரு வேண்டுகோள் கடிதம், இரண்டு கையொப்பம், ஒரு மணி நேரக் காத்திருப்பு. பிறகு உள்ளே விட்டார்கள். நூலகத்தார் அன்பாகத்தான் தேடினார்கள். தலைப்பில் தேடினார்கள், இல்லை. ஆசிரியர் பெயரில் தேடினார்கள், இல்லை. அச்சகத்தின் பெயரிலும் இல்லை.

பக்கத்து மேசையில் ஓர் ஆராய்ச்சி மாணவி. நெசவாளி வீட்டுப் பெண் என்று பிறகு தெரிந்துகொண்டேன். “கொஞ்சம் இருங்கண்ணே” என்றது அந்தப் பிள்ளை. உலக நூலகங்களின் கூட்டுப் பட்டியலைக் கைப்பேசியில் திறந்து, நாலு எழுத்தைத் தட்டியது. இருக்கிறது! எங்கே? கோவையில் இல்லை, சென்னையில் இல்லை, மதுரையில் இல்லை. சிக்காகோவில் இருக்கிறது! பெர்க்லியில் இருக்கிறது!

கோவை ஆலைத் தொழிலாளி எழுதிய நாலணா நூல் கடல் கடந்து அமெரிக்கப் பல்கலைக் கழக அலமாரியில் எப்படிப் போய் உட்கார்ந்தது? இறக்கை கட்டிப் பறந்ததா? இல்லை, தோழர்களே. கோதுமை அதைக் கொண்டுபோயிற்று!

வயதில் மூத்த தோழர்களுக்கு நினைவிருக்கும். பங்கீட்டுக் கடை வாசலில் பை பிடித்து நின்ற காலம். அரிசி தின்று பழகிய வாய், “கோதுமைதான் இருக்கிறது” என்ற சொல்லைக் கேட்டுச் சுருங்கிய காலம். அந்தக் கோதுமையில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே விளைச்சல் களஞ்சியத்தை மீறிற்று. 1954-இல் அந்நாட்டார் ஒரு சட்டம் செய்தார்கள்; அதன் எண்ணே அதற்குப் பெயராயிற்று: பி.எல். 480. மிஞ்சிய தானியத்தை வெளிநாடுகளுக்கு விற்கலாம்; டாலர் இல்லாத நாடு தன் சொந்தப் பணத்திலேயே விலையைக் கொடுக்கலாம். 1956-இல் இந்தியா அந்த முறையில் முதல் ஒப்பந்தம் செய்துகொண்டது. நாம் கொடுத்த ரூபாய், அமெரிக்கத் துரைத்தனத்தின் கணக்கில் இந்தியாவிலேயே குவிந்தது. குவிந்தது, குவிந்தது, மலையாகக் குவிந்தது. எவ்வளவு பெரிய மலை என்றால், 1974-இல் அதில் ஒரு பகுதியை இந்தியாவுக்கே திருப்பி விட்டபோது, ஒற்றைக் காசோலையில் எழுதப்பட்ட தொகை ஏறத்தாழ 1,664 கோடி ரூபாய்!

அந்த ரூபாயை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அள்ளிக்கொண்டு போய் நியூயார்க்கில் செலவழிக்க முடியாது. அப்போதுதான் அமெரிக்க நூலகர்கள் எழுந்து ஒரு கேள்வி கேட்டார்கள். “அந்தப் பணத்தில் எங்களுக்கு நூல் வாங்கித் தந்தால் என்ன?” போர்க் கப்பல் கேட்கவில்லை, பொன் கேட்கவில்லை. நூல் கேட்டார்கள்! 1958-இல் சட்டத்தில் அதற்கு இடம் செய்யப்பட்டது. 1962-இல் அமெரிக்கச் சட்டமன்ற நூலகத்தின் அலுவலகம் ஒன்று புது தில்லியில் திறக்கப்பட்டது. இன்றும் அங்கே அது இருக்கிறது.

அவர்கள் வாங்கிய முறையைத்தான் கவனிக்க வேண்டும். சிக்காகோவில் இருக்கும் நூலகர், கோவையில் எந்த அச்சகம் எந்தச் சிறு நூலைப் போடுகிறது என்று எப்படி அறிவார்? அறிய முடியாது. ஆகவே ஒவ்வொரு நூலாகப் பெயர் சொல்லிக் கேட்கவில்லை. “தமிழில் ஆராய்ச்சிக்கு உதவும் நூல் எது வந்தாலும் எங்களுக்கு ஒரு படி” என்று மொத்தமாகச் சொல்லி வைத்தார்கள். தேர்வைத் தில்லி அலுவலகம் பார்த்துக்கொண்டது. நூல் வணிகர் வாயிலாகத் தேடிப் பிடித்து, ஒரே நூலில் பல படிகள் வாங்கி, சிக்காகோவுக்கு ஒன்று, பெர்க்லிக்கு ஒன்று, பென்சில்வேனியாவுக்கு ஒன்று, விஸ்கான்சினுக்கு ஒன்று என்று பிரித்து அனுப்பினார்கள். வாங்கியவற்றின் பட்டியலை அச்சிட்டும் வெளியிட்டார்கள். தமிழ் தெரியாத நூலகர் தலையைச் சொறிய வேண்டாம் என்று, நூலின் விவரத்தை ஒரே இடத்தில் எழுதி, அட்டையாக அச்சிட்டு, எல்லார்க்கும் பொதுவில் தந்தார்கள். அந்த அட்டைகளில் பி.எல். 480 என்ற குறி இருக்கும். கோதுமையின் முத்திரை!

இப்படித்தான் நாவல் போயிற்று, நாடகம் போயிற்று, கவிதை போயிற்று, அரசியல் சிறு நூல் போயிற்று. நம் வீட்டுப் பாட்டி கோதுமைக்கு எண்ணிக் கொடுத்த காசு, நம் ஊர் எழுத்தாளன் எழுதிய நூலை வாங்கி, அயல்நாட்டு மாணவன் கையில் கொடுத்தது.

கொள்ளை என்று கூவ நான் வரவில்லை. விலை கொடுத்து வாங்கினார்கள். எந்தத் தமிழ் அச்சகத்தாரும் அவர்களுக்கு விற்றதால் நட்டப்படவில்லை. நூலை எடுத்துப் போய்ப் பூட்டியும் வைக்கவில்லை. எனக்கு வருத்தம் வேறு. அதே நூல், அதே ஆண்டில், அதே நாலணாவுக்கு, நம் பல்கலைக் கழகத்தின் வாசலிலேயே கிடைத்ததே! அது ஏன் உள்ளே நுழையவில்லை?

நுழைய வழி எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நூலகத்தில் நூல் வாங்குவதென்றால், சந்தையில் கத்தரிக்காய் வாங்குவது போலன்று. முதலில் ஒரு பேராசிரியர் வேண்டும். அவர் சீட்டு எழுத வேண்டும். துறைத் தலைவர் ஒப்பமிட வேண்டும். அந்நூல் ஏற்கெனவே இருக்கிறதா என்று நூலகத்தார் சரிபார்க்க வேண்டும். துறைக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருக்கிறதா என்று கணக்குப் பிரிவு பார்க்க வேண்டும். நூலகக் குழு கூடி இசைவு தர வேண்டும். நூல் வணிகரிடம் விலைப்புள்ளி கேட்க வேண்டும். யார் கூடுதல் கழிவு தருகிறார் என்று ஒப்பிட வேண்டும். ஆணை போக வேண்டும், நூல் வரவேண்டும், பட்டியல் தொகையும் நூலின் விலையும் பொருந்த வேண்டும். அதன் பிறகு வரவுப் பதிவேட்டில் ஓர் எண், உள்பக்கத்தில் முத்திரை, பொருளுக்கேற்ற வகைப்பாட்டு எண், முதுகில் ஒட்டும் சீட்டு, பட்டியலில் பதிவு. எல்லாம் முடிந்தால் அலமாரி! இதிலே மார்ச்சு மாதக் கூத்து வேறு. 31-ஆம் நாளுக்குள் செலவழிக்காத பணம் போய்விடும் என்பதால், பதினொரு மாதம் தூங்கிய கோப்பு பன்னிரண்டாம் மாதத்தில் ஓட்டப் பந்தயம் ஓடும். கையில் கிடைத்த நூலெல்லாம் அவசரத்தில் வாங்கப்படும்.

ஒவ்வொரு படிக்கும் காரணம் உண்டு, மறுக்கவில்லை. ஊரார் பணம். கணக்கு வேண்டும், தணிக்கை வேண்டும். ஆயிரம் ரூபாய் நூலுக்கு இந்த ஏணி பொருந்தும். நாலணா நூல் இந்த ஏணியில் ஏறுமா? எந்த வணிகர் அதற்கு விலைப்புள்ளி அனுப்புவார்? அவருக்குக் கிடைக்கும் கழிவில் ஒரு தேநீர் குடிக்க முடியாதே! எழுதியவர் ஆலைத் தொழிலாளி. அவருக்குப் பேராசிரியர் நண்பரா இருக்கப் போகிறார்? யாரும் அந்த நூலை வேண்டாமென்று தள்ளவில்லை. யாரும் அதைத் தடை செய்யவில்லை. வேண்டும் என்று கேட்க ஆளில்லை, வாங்க வழியில்லை. அப்படியே வெளியே நின்றது, அண்மையில் நான் நின்றதைப் போல.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1954-இல் ஒரு சட்டம் வந்தது. அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படியைக் கல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா போன்ற பொது நூலகங்களுக்கும் பதிப்பாளர் தம் செலவில் அனுப்ப வேண்டும் என்றது அச்சட்டம். அனுப்பாவிட்டால் அபராதம் 50 ரூபாய் வரை, அதோடு நூலின் விலை. சிறு அச்சகத்தார் எத்தனை பேர் அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? அப்படியே அனுப்பினாலும் பல்கலைக் கழக நூலகம் அந்த வரிசையில் இல்லை. அது காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

நமக்கு வழிகாட்ட ஆளில்லாமலா போயிற்று? நூலகத்துறைக்கே இலக்கணம் வகுத்தவர் நம் சீர்காழிக்காரர், எஸ். ஆர். அரங்கநாதன். கணக்கு ஆசிரியராக இருந்தவர். 1924-இல் சென்னைப் பல்கலைக் கழக நூலகரானார். வந்த புதிதில், செய்ய வேலையில்லை என்று சலித்துக் கல்லூரிக்கே திரும்பிப் போகப் பார்த்தார்! இலண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே நூலகங்கள் நடக்கும் விதத்தைக் கண்டு, வேறு மனிதராகத் திரும்பினார். படிப்பவன் தானே அலமாரிக்குப் போய் நூலைத் தொட்டு எடுக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளை இன்றைக்கும் உலகெங்கும் நூலகப் பள்ளிகளில் பாடமாக வைத்திருக்கிறார்கள். நூல் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. ஒவ்வொரு படிப்பாளிக்கும் அவனுக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய படிப்பாளி என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நாலணா நூலுக்கும் ஓர் ஆள் உண்டு. அவன் அறுபது ஆண்டு கழித்தும் வருவான்!

அலமாரியைத் திறந்து விட்டால் என்ன விளையும் என்பதற்கு ஒரு கதை உண்டு. ஏ. கே. இராமானுசன், மைசூரில் பிறந்தவர். வீட்டில் தமிழ் பேசியவர். 1962-இல் சிக்காகோ பல்கலைக் கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். ஒரு சனிக்கிழமை, பழந்தமிழ் இலக்கண நூல் ஒன்றைத் தேடி நூலகத்தின் அடித்தளத்தில் இறங்கினார். தேடிய இலக்கணத்துக்குப் பதில், சங்கப் பாடல் தொகுப்பு ஒன்று கையில் அகப்பட்டது. அவரே பிற்பாடு எழுதியிருக்கிறார் இதை. பிறந்த மண்ணில் கைக்கு வராத சங்கத் தமிழ், பனி பெய்யும் சிக்காகோவின் நிலவறையில் வந்து சேர்ந்தது. குறுந்தொகைப் பாடல்களை அவர் ஆங்கிலத்தில் தந்தது 1967-இல். அந்தத் தொகுப்பை அங்கே யாரோ ஒருவர், எப்போதோ, யாருக்கென்று தெரியாமலே வாங்கி வைத்திருக்கிறார். அந்த ‘யாரோ’வுக்கு என் வணக்கம்.

இன்னொரு செய்தி இதைவிட உறைக்கும். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர். பெயர்ப் பலகை எழுதும் ஓவியர். நம்மைப்போல் உழைத்துச் சாப்பிட்டவர். பழைய நூல், பழைய இதழ், நாடக நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று ஊரார் குப்பை என்றதையெல்லாம் சேர்த்தார். இலட்சம் உருப்படி என்று கணக்குச் சொல்கிறார்கள். 1992-இல் மறைந்தார். அந்தச் செல்வத்தை விலை கொடுத்து வாங்கியது எந்தப் பல்கலைக் கழகம்? மறுபடியும் சிக்காகோ! அவர்களின் பெருந்தன்மையைச் சொல்ல வேண்டும், அள்ளிக்கொண்டு போகவில்லை. சென்னையிலேயே வைத்து, 1994-இல் நூலகமாக்கினார்கள். இன்று தமிழாராய்ச்சி செய்பவர் அங்கே போகாமல் இருக்க முடியாது. ஆனால் நம் ஊர்ப் பல்கலைக் கழகங்கள் எத்தனை இருந்தன, தோழர்களே, அந்த 1992-இல்!

இதுவரை நூல். இனி இதழ். இங்கேதான் பணம் ஆறாக ஓடுகிறது.

ஆராய்ச்சி இதழ் என்றால் நம் கடையில் தொங்கும் வார இதழ் அன்று. புதுக் கண்டுபிடிப்பை அறிஞர் எழுதுவது. பிற அறிஞர் பார்த்துச் சரி என்றபின் அச்சாவது. 1665-இல் இலண்டனில் அப்படியொன்று தொடங்கிற்று. நெடுங்காலம் அறிஞர் சங்கங்களே பெரும்பாலும் இதை நடத்தின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இதில் பொன் இருப்பதை வணிகர் மோப்பம் பிடித்தனர். 1951-இல் இராபர்ட் மேக்ஸ்வெல் என்பவர் பெர்கமான் நிறுவனத்தைக் கைக்கொண்டு, துறைக்கு ஓர் இதழ், உட்பிரிவுக்கு ஓர் இதழ் என்று பெருக்கினார். 1991-இல் அது எல்செவியரிடம் போயிற்று.

இந்த வாணிபத்தின் விந்தையைக் கேளுங்கள். ஆராய்ச்சியாளருக்குச் சம்பளம் தருவது பெரும்பாலும் மக்கள் வரிப்பணம். கட்டுரைக்கு இதழ்காரர் அவருக்குக் காசு தருவதில்லை. சரிபார்க்கும் அறிஞருக்கும் பொதுவாகக் கூலி இல்லை. அவருக்கும் சம்பளம் நாம் தருவதுதான். முடிவில் அந்த இதழை நம் நூலகமே விலை கொடுத்து வாங்க வேண்டும்! நெல்லும் நமது, குத்திய கையும் நமது, அரிசியை மட்டும் அடுத்தவன் கடையில் வாங்க வேண்டும். அதுவும் அவன் சொன்ன விலைக்கு! உலகப் பணக்காரப் பல்கலைக் கழகமாகிய ஹார்வர்டே 2012-இல் கை விரித்தது. இதழ்காரர் சிலருக்கு மட்டும் ஆண்டுக்கு 37.5 இலட்சம் டாலர் அழுகிறோம், ஓர் இதழுக்கே ஆண்டுக்கு 40,000 டாலர் வரை கேட்கிறார்கள், தாங்காது என்று தன் பேராசிரியர்களுக்கு எழுதிற்று. கலிபோர்னியாப் பல்கலைக் கழகம் 2019-இல் எல்செவியருடன் உறவையே முறித்து, ஈராண்டு பொறுத்து, 2021-இல்தான் புது ஒப்பந்தத்துக்கு வந்தது.

நம் நாட்டில் 2004 முதல் பல்கலைக் கழகங்கள் கூட்டாகச் சேர்ந்து இணைய வழியில் இதழ் பெறும் ஏற்பாடு நடந்தது. பிறகு 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை பெரிய திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் தந்தது: ‘ஒரே நாடு ஒரே சந்தா’. ‘ஒரே’ என்று தொடங்கும் எதைக் கேட்டாலும் எனக்குக் காது கூர்மையாகிவிடும், உங்களுக்கும் அப்படித்தான். எனினும் பெயருக்காகப் பொருளைத் தள்ளக்கூடாது. 30 வெளிநாட்டு வெளியீட்டாளர், ஏறத்தாழ 13,000 இதழ்கள், 6,300-க்கு மேற்பட்ட அரசு நிறுவனங்கள், 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆராய்ச்சியாளர். 2025 முதல் மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். சிற்றூர் அரசுக் கல்லூரிப் பிள்ளையும் தில்லிப் பெருநிறுவனப் பிள்ளையும் ஒரே இதழைப் படிக்கலாம் என்றால், அதை நான் வரவேற்கிறேன். தனியார் கல்லூரிப் பிள்ளைக்கு முதற்கட்டத்தில் அந்தக் கதவு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. அன்று சந்தா கட்டினால் இதழ் தபாலில் வந்தது; ஆண்டு முடிவில் கட்டடம் செய்து அலமாரியில் அடுக்கினார்கள். சந்தா நின்றாலும் வாங்கியது நம்முடையது. இன்று பெரும்பாலும் வாங்குவது இதழை அன்று, பார்க்கும் உரிமையை! வீடு வாங்கியவனுக்கும் வாடகைக்கு இருப்பவனுக்கும் உள்ள வேறுபாடு. வாடகை நின்றால் எதெது கையில் தங்கும் என்பது ஒப்பந்தத்தின் பொடி எழுத்தில் இருக்கும்.

சரி, அந்த 6,000 கோடி வெளிநாட்டு வெளியீட்டாளர்க்கு. தமிழில் வரும் ஆராய்ச்சி இதழுக்கும் சிற்றிதழுக்கும் என்ன வழி? அவற்றுக்குப் பழைய ஏணிதான். ஆண்டுச் சந்தாவை முன்பணமாகக் கட்ட வேண்டும். சிற்றிதழோ மூன்று இதழ் வரும், நான்காவதற்குத் தாள் வாங்கக் காசிருக்காது. “வராத இதழுக்கு ஏன் பணம் கொடுத்தீர்?” என்று தணிக்கையாளர் கேட்பார். பதில் எழுதிக் களைத்த நூலகர், அடுத்த ஆண்டு சந்தாவே வேண்டாம் என்று கோப்பை மூடுவார். அவர் கெட்டவரல்லர், ஓய்வூதியம் பற்றிய கவலை உள்ளவர். ஐம்பது ஆண்டு கழித்து வரும் ஆராய்ச்சி மாணவிக்கு அந்த மூன்று இதழும் எங்கே கிடைக்கும்? அதை அவரிடம் யாரும் கேட்கப்போவதில்லை.

படியிறங்குமுன் நூலகரிடம் கேட்டேன்: “ஐயா, அந்தச் சிறு நூலை வாங்கி வைக்க நான் சீட்டு எழுதித் தரலாமா?”

சிரித்தார். “தாராளமா எழுதுங்க, தம்பி. எந்தக் கடையில வாங்கறது?”

எழுதித் தந்துவிட்டுத்தான் வந்தேன். கடையில் இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனால் நம் தோழர்களின் வீட்டுப் பரண்களில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது எவருக்குத் தெரியும்? தெருமுனைப் படிப்பகங்களின் பழைய அலமாரிகளில், பாட்டனாரின் தகரப் பெட்டியில், முடிதிருத்தகத்தின் மரப் பலகைக்குக் கீழே தேடிப் பாருங்கள். எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். மேலட்டை சிவப்பு. ஆலைப் புகைபோக்கிப் படம் போட்டிருக்கும். விலை 25 காசு என்று பின்னட்டையில் இருக்கும். அகப்பட்டால் இந்த ஏட்டின் முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். நானே வந்து பெற்றுக்கொள்கிறேன்.